காவலரை உருவாக்குவது பயிற்சிப் பள்ளியா, தெருவில் வாய்த்த ஏட்டையாவா? ‘ஏட்டையாவே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பயிற்சிப் பள்ளியின் பெருமைகளை அடுக்கினார். சட்டம், கவாத்து, துப்பாக்கி, யோகா. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. கவாத்து மைதானத்தில் ‘நில்’ என்றால் இருநூறு பேரும் நிற்பார்கள். சனிக்கிழமை ராத்திரி டாஸ்மாக் வாசலில் போய் ‘நில்’ என்று சொல்லிப் பாருங்கள். நிற்க முடிந்தால் நிற்க மாட்டார்களா, பாவம்!

அந்த வாசலிலிருந்தே தொடங்குகிறேன். ரோட்டோரம் ஒருவர் விழுந்து கிடக்கிறார், வாயில் வாடை. நேற்றுச் சேர்ந்த காவலருக்கு அவர் குடிகாரர், அவ்வளவுதான். ‘தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் போடலாம் ஐயா, காலையில் தெளிஞ்சிடும்’ என்பார். கூட இருக்கும் ஏட்டையா, அதாவது மூத்த தலைமைக் காவலர், என்ன சொல்வார்? ‘தம்பி, முதல்ல பேரைக் கேளு. பதில் வருதா, உளறலா, முனகலான்னு கவனி. பின்மண்டையை லேசா தடவிப் பாரு, வீக்கம் இருக்கா? காதுல, மூக்குல ரத்தமோ தண்ணி மாதிரியோ வருதா? டார்ச் அடிச்சுப் பாரு, ரெண்டு கண்மணியும் ஒரே அளவா இருக்கா? சட்டைப் பையில சர்க்கரை மாத்திரை அட்டை இருக்கா?’ குடித்தவருக்கும் விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கசியலாம். குடிக்காதவரும் சர்க்கரை இறங்கினால் தள்ளாடுவார், உளறுவார். இரண்டுமே பார்வைக்குப் போதை மாதிரிதான் இருக்கும். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் 108-க்குச் சொல்லிவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெஞ்சில் போட்டுவிட்டு ‘தெளியட்டும்’ என்று விட்டால், சிலருக்கு அது தெளியவே தெளியாது. அப்புறம் அந்தக் காவலர் பதில் சொல்லி முடிக்க வருஷங்கள் ஆகும்.

முதலுதவி வகுப்பு பள்ளியிலும் உண்டு என்று எதிரணி அம்மா தலையாட்டுகிறார். உண்டுதான் அம்மா! பகலில், மின்விசிறிக்குக் கீழே, வாடையில்லாத பொம்மைக்கு.

அடுத்தது புருஷன் பெண்டாட்டி சண்டை. நூறுக்கு போன் வருகிறது, இரண்டு பேர் போகிறார்கள். புதியவர் நடுவீட்டில் நின்று ‘யார் மேல தப்பு?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே சண்டை இரண்டாம் ஆட்டம் தொடங்கிவிடும். ஏட்டையா முதலில் வாசலில் கூடிய கூட்டத்தைக் கலைப்பார். ஊர் பார்க்கிறது என்றால் ஆண்பிள்ளை இறங்கி வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். பிறகு இருவரையும் ஒருவர் முகம் ஒருவர் பார்க்காதபடி பிரிப்பார். அந்தம்மா சொல்வதைப் புருஷன் காதில் விழாத தூரத்தில் வைத்துக் கேட்பார். யாரையும் அடுப்படிப் பக்கம் போகவிட மாட்டார், அருவாமனை அங்கேதானே இருக்கிறது! பேசும்போது எதிராளிக்கு நேரெதிரே நிற்காமல், கைக்கு எட்டாத தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் நிற்பார். தோளில் கை போடமாட்டார். போதையில் இருப்பவனுக்கு அதுவே அடி மாதிரி தெரியும்.

விபத்து இடத்தில் புதியவர் அடிபட்டவரிடம் ஓடுவார். மூத்தவர் முதலில் தன் பைக்கை, வண்டிகள் வரும் திசையில் சற்றுத் தள்ளி, விளக்கு எரிய நிறுத்துவார். இல்லாவிட்டால் பின்னால் வரும் லாரி, உதவிக்கு நிற்பவர்களையும் சேர்த்து அடித்துவிடும்.

‘சட்டத்தை ஏட்டையாவா எழுதினார்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கைது செய்யும்போது காவலரின் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. பள்ளியில் இதை மனப்பாடமாக ஒப்பிக்கலாம். ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? பிடிபட்டவனின் வீட்டுக்கு முதல் போன் போட வேண்டும், அவர்கள் வரமுடியாவிட்டால் மூடப்போகும் மருந்துக் கடைக்காரர் என்று சொல்லித்தருபவர் ஏட்டையா. நேரத்தை ஸ்டேஷனில் மேசைக்கு வந்து எழுதாதே, பிடித்த கணமே கடிகாரம் பார் என்பவரும் அவரே. பிடிபட்டவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அங்கேதான் ஓடத் தொடங்குகிறது. மதியம் இரண்டுக்கு ஜீப்பில் ஏற்றியது டீக்கடைக் கேமராவில் இருக்க, குறிப்பில் மாலை ஆறு என்றிருந்தால், வக்கீலுக்கு வேறு ஆதாரமே வேண்டாம்.

இப்போது எதிரணியின் பலமான அம்பு. ‘அடிக்கக் கற்றுக்கொடுப்பவரும் மூத்தவர்தானே? சாத்தான்குளம் மறந்துபோச்சா?’ என்றார்கள். மறக்கவில்லை. 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும், தந்தையும் மகனும், காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, சில நாளிலேயே அடுத்தடுத்து இறந்தார்கள். சிபிஐ குற்றப்பத்திரிகையில் இன்ஸ்பெக்டர் முதல் காவலர் வரை இருந்தார்கள். எங்கள் அணிக்கு இது சௌகரியமான உதாரணம் இல்லை. ஆனால் யோசியுங்கள், அந்த இன்ஸ்பெக்டர் முதல் காவலர் வரை எல்லாரும் உங்கள் பள்ளியைத் தாண்டி வந்தவர்கள். கைது செய்யப்படுபவரின் உரிமைகளை வரிசையாகச் சொன்ன டி.கே.பாசு தீர்ப்பு 1996-லேயே வந்துவிட்டது. அந்தப் பாடம் அன்றைக்கு ஏன் கை கொடுக்கவில்லை? மேலதிகாரி எப்படியோ ஸ்டேஷன் அப்படி. மூத்தவரின் செல்வாக்கு நல்லது மட்டுமே செய்யும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதுதான் வலியது என்கிறோம். அதே நிலையத்திலிருந்து நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சாட்சியமாகச் சொன்னவரும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அவரும் ஒரு ஏட்டையாதான், நடுவர் அவர்களே.

கடைசியாக, ‘இனி செயலியே சொல்லித்தரும்’ என்றார்கள். ராத்திரி ரோந்தில், வந்துபோனதற்குக் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா நோட்டுக்குப் பதில் சில ஊர்களில் கியூஆர் கோடு வந்திருப்பது உண்மை. காவலர் 2.40-க்கு நகைக்கடை வாசலுக்கு வந்தார் என்று அது சொல்லும். ஷட்டரின் இரண்டு பக்கப் பூட்டையும் தொட்டு இழுத்துப் பார்த்தாரா, தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு அரை நிமிஷம் காது கொடுத்தாரா, நேற்றுப் போன வரிசையிலேயே இன்றும் போய்த் திருடனுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தாரா, பூட்டிய வீட்டு வாசலில் மூன்று நாள் பேப்பர் கிடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் சொல்லி எடுக்கச் சொன்னாரா? அது எந்தத் திரையிலும் வராது. பக்கத்தில் நடந்து வருபவர் சொன்னால்தான் உண்டு.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். தீர்ப்பு எழுதும்போது எங்கள் அணியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.