பிந்தி முளைக்கும் விதைகள்

வணக்கம் நண்பர்களே.

காட்டுச்செடிகளை விதை போட்டு வளர்ப்பவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: விதைத்தட்டை எப்போது கொட்டுகிறீர்கள்? நூறு விதை போடுகிறோம். இரண்டு வாரத்தில் முப்பது முளைக்கிறது. மிச்சம் தேறாது என்று மண்ணோடு கொட்டிவிடுகிறோம். அந்த மிச்சத்துக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நெல்லும் கோதுமையும் ஒரே மூச்சில் முளைக்கின்றன என்றால், மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படிப்பட்டவற்றையே பொறுக்கி விதைத்து வந்தான் என்பதுதான் காரணம். காட்டில் அது ஆபத்து. முதல் மழையை நம்பி எல்லாமே முளைத்து, அப்புறம் ஒரு மாதம் வானம் பொய்த்தால் அந்த வருடத்து வாரிசு மொத்தமும் காலி. அதனால் ஒரே தாய்ச்செடியின் விதைகளிலேயே சில உடனே முளைக்கும், சில அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும், சில இன்னும் பல வருடம் தூங்கும்.

1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர், களைச்செடி விதைகளை மணலில் கலந்து 20 புட்டிகளில் நிரப்பிப் புதைத்து வைத்தார். பல ஆண்டு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் முளைத்தன. 142 வருடம்! நமக்கு இரண்டு வாரம் பொறுக்கவில்லை.

முந்தியதை மட்டுமே வளர்த்து, அதன் விதையையே எடுத்து மறுபடி விதைத்துக்கொண்டு போனால், சில தலைமுறைகளில் அவசரக்காரச் செடிகள்தான் மிஞ்சும். காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் காட்டுச்செடியைத் தோட்டச்செடியாக்கி விடுவோம்.

சரி, முளைக்காத விதையை என்ன செய்வது? விரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்கினால் அழுகிவிட்டது. கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. அவரைக் குடும்பத்து விதை என்றால் தோலுக்குள் தண்ணீரே புகாது. நகவெட்டியால், வடு (விதை காயோடு ஒட்டியிருந்த தடம்) இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் தோலை மட்டும் துளி கிள்ளி ஊறப்போடுங்கள். காலையில் பார்த்தால் பருத்துப் போயிருக்கும். குளிர்நாட்டுச் செடிகள் பலவற்றுக்கு ஈர மணலில் சில மாதக் குளிர் வேண்டும். காட்டுத்தீக்குப் பழகிய சில செடிகளுக்குப் புகையே போதும். புகையில் விதையை எழுப்பும் ஒரு சேர்மத்தை 2004-இல் அடையாளம் கண்டார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கிளையை வெட்டி நட்டால் போதாதா என்பார்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரோட்ரிக்ஸ் தீவில் ‘கஃபே மரோன்’ என்றொரு செடி. அழிந்தே போனதாக நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் கண்ணில் ஒன்றே ஒன்று பட்டது. அதன் குச்சிகள் லண்டன் கியூ பூங்காவில் வேர்விட்டன, பூத்தன, ஆனால் வருடக்கணக்காகக் காய்க்கவே இல்லை. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் பாடுபட்டு, 2003 வாக்கில்தான் விதை பிடிக்க வைத்தார். அதுவரை இருந்ததெல்லாம் ஒரே செடியின் நகல்கள். ஒன்றைக் கொல்லும் நோய் அத்தனையையும் கொல்லும்.

விதை சேகரிக்கும்போது ஒரு செடியையே மொட்டையடிக்காதீர்கள். பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக, பழுத்த விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் எடுங்கள். எந்த இடத்தில், என்றைக்கு எடுத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். நடும்போது முந்தியதையும் பிந்தியதையும் கலந்து நடுங்கள்.

நான் சொன்ன பொறுமை எல்லா விதைக்கும் பொருந்தாது. ஓக் போன்ற மரங்களின் விதை காய்ந்தாலே செத்துவிடும், விதை வங்கியில் உலர்த்தி வைக்கவும் முடியாது. அவற்றை விழுந்த ஈரம் காயுமுன் விதைத்துவிடுங்கள்.