பூட்லோடரில் கை வைப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரை இன்னும் நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அதில் விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது, விண்டோஸுக்குப் பதிலாகவோ அதன் பக்கத்திலேயோ போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் அப்படிப் போடும்போது, இயங்குதளத்தை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சிறு நிரல் மாறும், அந்த ஒரு இடத்தில்தான் முன்னேற்பாடு வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் (பழைய மெஷினில் பயாஸ், புதியதில் யூ.ஈ.எஃப்.ஐ.) முதலில் விழிக்கும், அது பூட்லோடரைத் தேடிப் பிடிக்கும், பூட்லோடர்தான் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும். அது கெட்டுப்போனால் திரை கறுப்பாக நிற்கும். ஆனால் உங்கள் போட்டோவும் கணக்கும் பிள்ளைகளின் படிப்புக் கோப்புகளும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், ஒன்றும் அழிந்திருக்காது. அழிவது அதற்கு அப்புறம் வரும் பதற்றத்தில்தான். யாரோ சொன்னார்கள் என்று ஃபார்மட் கொடுப்பது, பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதியை, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது, இப்படித்தான் பல வருடச் சேமிப்பு போகிறது. அந்தப் பதற்றம் வராமல் இருக்கத்தான் பேக்கப் எடுக்கச் சொல்கிறேன்.

பெரிய கம்பெனி லேப்டாப் என்றால் பெரும்பாலும் உள்ளேயே ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் வைத்துக் கொடுப்பார்கள். அசெம்பிள் செய்த மெஷினுக்கு அந்த வசதி கிடையாது, அதற்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதோடு இப்படிப்பட்ட மெஷினில் டிஸ்க் ஒன்றோடு நிற்பதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கும், பிறகு வாங்கிப் போட்ட எஸ்.எஸ்.டி. ஒன்று இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. விண்டோஸை எஸ்.எஸ்.டி.யில் நிறுவியிருந்தாலும், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் (பூட் கோப்புகளுக்கென்றே இருக்கும் சிறு பகுதி) இருந்தால் தன் பூட் கோப்புகளை அது அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் பழைய படங்கள்தானே, லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று அழித்தால், கை வைக்காத எஸ்.எஸ்.டி.யிலிருந்து விண்டோஸ் எழாது. அதனால் எந்த டிஸ்க்கில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிஸ்க்கின் பெயரை நம்பாமல் சீரியல் நம்பரைக் குறியுங்கள், லினக்ஸ் டிஸ்க்குகளுக்குக் கொடுக்கும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறக்கூடியவை.

கோப்புகளை வெளி டிஸ்க்கில் தனியாக ஒரு நகல் எடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதைச் செய்துவிடுங்கள். பூட் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பயாஸ் முறையில் ஓடும் டிஸ்க்கில் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் அடையாளக் குறி. இந்த 512 பைட்டை நகல் எடுத்து வைத்தால் போதும் என்று பல இடங்களில் சொல்வார்கள். லினக்ஸில் வழக்கமாக வரும் பூட்லோடரான கிரப் போட்ட டிஸ்க்குக்கு அது போதாது, ஏனென்றால் அதன் முக்கியப் பகுதி இந்தச் செக்டருக்கு அடுத்த காலியிடத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் பார்ட்டிஷன் தொடங்கும் வரை உள்ள இடம் முழுவதையும், வழக்கமாக ஒரு எம்.பி., எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடுவில் பார்ட்டிஷன்களை மாற்றிவிட்டு அப்புறம் பழைய 512 பைட்டை முழுதாகத் திரும்ப எழுதினால் பழைய அட்டவணையும் சேர்ந்து வந்து உட்காரும். அந்த நிலையில் முதல் 446 பைட்டை மட்டும்தான் எழுத வேண்டும்.

புதிய யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் வேலை கொஞ்சம் சுலபம். ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் சாதாரண ஃபேட் வகைதான், அதில் உள்ளதை அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது, டிஸ்க்கை எத்தனை முறை நகலெடுத்தாலும் அது அதில் வராது. அதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பயாஸ் அமைப்புத் திரைகளைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுங்கள். கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் செக்யூர் பூட் போட்டிருக்கிறதா, டிஸ்க் இணைப்புக்கான சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ.யா ரெய்டா, இவை மாறினாலே சில சமயம் விண்டோஸ் எழாது, நீங்கள் பூட்லோடரைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தைப் போட்டிருந்தால் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். பூட் பாதையில் மாற்றம் தெரிந்தால் அது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீயை அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைத்து எந்தப் பயனும் இல்லை. தாளில் எழுதி வையுங்கள், மாற்றத்துக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். லினக்ஸ் பக்கம் லக்ஸ் குறியாக்கம் இருந்தால் அதைத் திறக்கும் சாவி விவரங்கள் இருக்கும் தொடக்கப் பகுதியான ஹெடரைத் தனியாக நகலெடுங்கள். ஹெடர் சிதைந்தால் பாஸ்வேர்ட் தெரிந்தும் உள்ளே போக முடியாது.

மொத்த டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே முழு நகலாக, எடுக்க நான் சொல்வது குளோன்சில்லா என்ற மென்பொருள். தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவானது, இலவசம். எடுத்து முடித்ததும் இமேஜ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி அதிலேயே உண்டு, நேரம் ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள். முடிந்ததும் அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். உள்ளே தொடத் தேவையில்லாத டிஸ்க்கின் கேபிளையும், பவரை முழுதாக அணைத்துவிட்டு, கழற்றிவிடுங்கள். அசெம்பிள் மெஷினில் நம் கைக்கு இருக்கும் பெரிய சலுகையே இதுதான், இணைக்காத டிஸ்க்கில் யாரும் தவறுதலாக எதுவும் எழுத முடியாது.

கம்ப்யூட்டர் எழாதபோது அதை எழுப்பிச் சரிசெய்ய உதவும் மீட்புப் பென்டிரைவைத் தயார் செய்து, இப்போதே, எல்லாம் நன்றாக ஓடும்போதே, ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். அது எந்த முறையில் எழுகிறது என்பதும் முக்கியம். பழைய முறையில் எழுந்த பென்டிரைவிலிருந்து கிரப்பைப் போட்டால் அது வழக்கமாகப் பழைய முறைக்குத்தான் போகும், யூ.ஈ.எஃப்.ஐ. விண்டோஸோடு அது சேராது. வேலை நடக்கும்போது மின்சாரம் போகாமல் இருக்க யூ.பி.எஸ். இருக்கட்டும்.

நான் எதையும் மாற்றப்போவதில்லை, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைப்பவர்களுக்கும் இது வேண்டும். 2020 ஜூலையில் கிரப்பில் பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. அதைச் சரிசெய்ய வந்த அப்டேட்டே ரெட் ஹேட் லினக்ஸ் ஓடிய சில இயந்திரங்களை எழவிடாமல் செய்தது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பக்கத்தில் இருந்த லினக்ஸைச் சிலருக்கு எழாமல் செய்துவிட்டது. இரண்டு சமயத்திலும் பயனர் பூட்லோடரைத் தேடிப்போய் மாற்றவில்லை, அது தானாக மாறியது.

லினக்ஸ் ஏறியதும் இரண்டையும் மாற்றி மாற்றி எழுப்பிப் பாருங்கள். சரி என்று தெரிந்ததும் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனைப் புதிதாக இன்னொரு நகல் எடுங்கள். பழைய இமேஜை உடனே அழித்துவிடாதீர்கள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு பெரிய அப்டேட்டாவது வந்து போகட்டும். நன்றி, வணக்கம்.