மூன்றரைப் புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் ஆட்ட நிர்ணயம், அதாவது ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது, குறித்து எழுந்த ஐயங்களைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். கால்பந்து என்றதும், பந்தை உதைத்து வலைக்குள் செலுத்தும் ஆட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் அணிந்தவர்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளி, எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கிக் கஜம் கஜமாக முன்னேறும் ஆட்டம் இது. பந்துடன் அந்தக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி. கடக்க இயலாதென்று தோன்றும்போது பந்தை உதைத்து இரு கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் மூன்று புள்ளி. இந்த ஆறையும் மூன்றையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் வழக்கமாக முடிவெட்டிக்கொண்ட கடையின் உரிமையாளர் ஒரு முதியவர். அந்நகரத்து அணியான கோல்ட்ஸ் 1984ஆம் ஆண்டு ஒரே இரவில் மூட்டை முடிச்சுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டதை அவர் மன்னிக்கவே இல்லை. ஆகையால் அந்த அணியைப் பற்றி அவர் பேசுவதெல்லாம் பழங்கதையாகவே இருக்கும். அதிலும் ஒரே ஒரு கதைதான். 1958ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில், கோல்ட்ஸ் அணியும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் மோதிய வாகையர் ஆட்டம். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து இன்றுவரை இந்த விஷயம் என்னை விட்டபாடில்லை.

கதைக்குள் போகுமுன் பந்தயக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய பையனும் சின்னப் பையனும் ஓட்டப்பந்தயம் வைத்தால், யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஒருவரும் வர மாட்டார்கள். சின்னவனைப் பத்தடி முன்னால் நிறுத்திப் பாருங்கள், உடனே கூட்டம் கூடிவிடும். பந்தயப் பணம் வாங்கிப் போடும் அமெரிக்கப் புக்கிகள் செய்வதும் அதுவே. வலுவான அணி வென்றால் மட்டும் போதாது, இத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்று ஓர் எண்ணைக் குறிக்கிறார்கள். பத்து டாலர் ஜெயிக்கப் பதினொரு டாலர் கட்ட வேண்டும் என்பது வழக்கம். இருபக்கமும் சமமாகப் பணம் சேர்ந்துவிட்டால் யார் வென்றாலும் புக்கிக்கு லாபம். எண்ணில் அரைப் புள்ளியும் வரும். ஆட்டத்தில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. வித்தியாசம் சரியாகக் குறித்த எண்ணிலேயே நின்று, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரக்கூடாது என்பதற்காகவே அந்த அரை.

இந்த எண் வந்த பிறகு ஓர் ஆட்டக்காரர் தம் அணியைத் தோற்கடிக்காமலேயே ஆட்டத்தை விற்க வழி பிறந்துவிட்டது. அணியும் வெல்லலாம், ரசிகர்களும் கொண்டாடலாம், வித்தியாசம் மட்டும் குறித்த எண்ணுக்குக் கீழே நின்றுவிட வேண்டும். இதை அவர்கள் ‘பாயிண்ட் ஷேவிங்’ என்பார்கள். புள்ளிக்குச் சவரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் சவரக்கடையில் கற்றுக்கொண்டது பொருத்தம்தான்.

இனி 1958. கோல்ட்ஸ் மூன்றரைப் புள்ளியில் வெல்லும் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆட்டம் முடிய ஏழு விநாடி இருக்கையில் ஸ்டீவ் மைரா என்ற கோல்ட்ஸ் வீரர் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 17க்கு 17 என்று சமன் செய்தார். முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்ற கூடுதல் நேரம் வாகையர் ஆட்டம் ஒன்றில் நடைமுறைக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஜயண்ட்ஸ் தமக்குக் கிடைத்த வாய்ப்பை இழந்தனர். பிறகு கோல்ட்ஸுக்காகப் பந்தை எறியும் ஜானி யுனைட்டஸ் தம் அணியை எண்பது கஜம் நடத்திச் சென்றார்.

பந்து எல்லைக்கோட்டுக்கு எட்டுக் கஜ தூரத்தில் வந்து நிற்கிறது. கடைக்காரர் இந்த இடத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். கண்ணாடி முன்னிருக்கும் பலகையில் பவுடர் டப்பாவை எல்லைக்கோடாக வைத்து, சீப்பைப் பந்தாக நகர்த்திக் காட்டுவார். என் கழுத்தில் துணி சுற்றியிருக்கும், பாதித் தலை வெட்டியிருக்கும், எழுந்து போகவும் முடியாது. அவர் காட்டியதை வானொலியில் நான் காட்ட இயலாது, சொல்கிறேன். அந்த நாளில் கம்பங்கள் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றன. அவ்வளவு அருகிலிருந்து உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது, கோப்பை கையில். ஆனால் கோல்ட்ஸ் உதைக்கவில்லை. அலன் அமீச்சி பந்துடன் பாய்ந்து ஒரு கஜம் எடுத்தார். அடுத்து யுனைட்டஸ், எல்லோரும் திகைக்க, ஓரக்கோட்டருகே ஓடிய ஜிம் மட்ஷெலருக்குப் பந்தை எறிந்தார். மட்ஷெலர் அதைப் பிடித்து ஒரு கஜக் கோட்டருகே வெளியே விழுந்தார். மூன்றாவது முயற்சியில் அமீச்சி கோட்டைக் கடந்தார். 23க்கு 17.

இப்போது ஆறையும் மூன்றையும் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். உதைத்திருந்தால் வித்தியாசம் மூன்று; கோல்ட்ஸ் மீது பணம் கட்டியவர்கள் அணி வென்றும் தோற்றிருப்பார்கள். கோட்டைக் கடந்ததால் வித்தியாசம் ஆறு. பணம் கட்டியவர்களும் வென்றார்கள். அணியின் உரிமையாளர் கரோல் ரோசன்புளூம் சூதாட்டத்தில் நாட்டமுள்ளவர் என்பது ஊரறிந்த செய்தி. அவர் கட்டிய பணத்துக்காகவே உதை தவிர்க்கப்பட்டது என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றும் ஓயவில்லை. உண்மையானால் இது சவரம்கூட இல்லை, மீசை வளர்த்த கதை.

நான் இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், நம்பத் தோன்றவில்லை. மைரா அடிக்கடி குறி தவறும் உதையாளர். அதே ஆட்டத்தில் அவருடைய ஓர் உதையை ஜயண்ட்ஸின் சாம் ஹஃப் தடுத்திருந்தார். தவிரவும், ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றை ஓடிப் பார்த்துவிட்டு நான்காவதில் உதைக்கலாம். உதை எங்கும் ஓடிப்போவதில்லை. ஐயத்துக்கு இடம் தருவது அந்த ஓர் எறிதல் மட்டுமே, ஏனெனில் எதிரணியினர் பந்தைப் பறித்திருந்தால் எல்லாம் போயிருக்கும். அதைக் கேட்டவர்களிடம், செய்வது இன்னதென்று தெரிந்து செய்பவன் பந்தைப் பறிகொடுப்பதில்லை என்ற பொருளில் யுனைட்டஸ் பதில் சொன்னார். இறுமாப்பான பதில்தான், பொய்யான பதிலாக எனக்குத் தோன்றவில்லை. ரோசன்புளூம் தம் அணியின் ஆட்டங்களில் பந்தயம் கட்டினார் என்ற குற்றச்சாட்டை 1963இல் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் ஆணையர் பீட் ரோசல் விசாரித்தார்; அது மெய்ப்பிக்கப்படவில்லை.

கடைக்காரரின் கதையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் அன்று கோல்ட்ஸ் மீது பதினொரு டாலர் கட்டிப் பத்து டாலர் ஜெயித்தவர். ஜெயித்த அவர்தான் முப்பது ஆண்டுகளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஐயம் எப்போதும் ஆதாரமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 1946ஆம் ஆண்டு வாகையர் ஆட்டத்துக்கு முன்பு, ஆல்வின் பாரிஸ் என்ற சூதாடி ஜயண்ட்ஸ் அணியின் மெர்ல் ஹேப்ஸுக்கும் ஃபிராங்க் ஃபில்சாக்குக்கும் தலைக்கு 2,500 டாலரும் அவர்கள் பெயரில் 1,000 டாலர் பந்தயமும் தருவதாகச் சொன்னார். எதிரணியான சிகாகோ பேர்ஸ் பத்துப் புள்ளிக்கு மேல் வெல்ல வேண்டும் என்பது நிபந்தனை. இருவரும் பணத்தை வாங்கவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவுமில்லை. காவல்துறை மூலம் விஷயம் வெளியானபோது, ஆசை காட்டியது உண்மை என்று ஒப்புக்கொண்ட ஹேப்ஸ் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்த ஃபில்சாக் களம் இறங்கினார். உண்மை சொன்னவர் வெளியே, மறுத்தவர் உள்ளே.

களத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஃபில்சாக் எறிந்த பந்துகளில் ஆறு எதிரணியிடம் போய்ச் சேர்ந்தன. ஆறு! இதை மட்டும் கேட்டால் விலைபோனவர் என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் அதே ஆட்டத்தில் மூக்கு உடைந்தும் அவர் களத்தை விட்டு வெளியேறவில்லை. ஜயண்ட்ஸ் எடுத்த பதினான்கு புள்ளிகளும் அவர் எறிந்த இரண்டு பந்துகளின் பயனாக வந்தவை. முடிவு 24க்கு 14, வித்தியாசம் சரியாகப் பத்து. பத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. 1947இல் ஆணையர் பெர்ட் பெல் இருவரையும் கால வரையறையின்றி விலக்கிவைத்தார். ஃபில்சாக் கனடாவுக்கு ஆடப் போனார். எந்த வீரருக்குக் காயம் என்பதை அணிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற விதி இதையொட்டித்தான் பிறந்தது. உள்ளே கசியும் செய்திக்குத்தான் சூதாடி விலை கொடுக்கிறான் என்பதைப் பெல் புரிந்துகொண்டிருந்தார்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். 1963இல் பந்தயம் கட்டியதற்காக ஓராண்டு விலக்கப்பட்ட பால் ஹார்னங், அலெக்ஸ் கராஸ் ஆகிய ஆட்டக்காரர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். திரும்பி வந்த கராஸிடம் நடுவர் நாணயச் சுண்டலில் பூவா தலையா என்று கேட்க, மன்னியுங்கள் ஐயா, எனக்குச் சூதாட அனுமதியில்லை என்றாராம். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பதினெட்டுப் புள்ளியில் வெல்லும் என்று குறிக்கப்பட்ட கோல்ட்ஸ், 1969 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸிடம் 16க்கு 7 என்று தோற்ற கதைக்கு இன்று இடமில்லை. அதில் ஜெட்ஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1958இல் கோல்ட்ஸுக்குப் பயிற்சியாளராக இருந்த அதே வீப் யூபேங்க். கடைக்காரர் இருந்திருந்தால் இதற்கும் சீப்பை எடுத்திருப்பார்.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கிருந்த நாடு தழுவிய தடையை நீக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ 1,500 டாலர் பந்தயம் கட்டியதற்காக அட்லாண்டா அணியின் கால்வின் ரிட்லி ஒரு பருவம் முழுவதும் விலக்கப்பட்டார். அதைப் பற்றி எழுதி வந்த பக்கங்கள் கையில் அப்படியே இருக்கின்றன. நிலையத்தார் மீண்டும் அழைத்தால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.