ஏற்காட்டு வீட்டுக்குள் ஐந்து படி: உயரத்தைப் பங்கிடும் முறை

[காட்சி: மலைச்சரிவில் ஒரு வீடு. தாழ்வான கூடம், அதைவிட உயரத்தில் சமையலறை.]

வணக்கம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச்சரிவில் வீடு கட்டும்போது, நிலம் முழுவதையும் வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவுக்கு ஏற்பக் கூடத்தைத் தாழ்வாகவும் சமையலறையை உயரமாகவும் அமைப்பதுண்டு. அவ்விரண்டுக்கும் இடையே வீட்டுக்குள்ளேயே நான்கைந்து படிகள் தேவைப்படும். படிகள் குறைவுதானே என்று இந்த வேலையை எளிதாக எண்ணக் கூடாது. ஏறுபவரின் கால் முதல் படியின் உயரத்தை அறிந்துகொண்டு, அடுத்த படிக்கும் அதே அளவே தூக்குகிறது. இடையில் ஒரு படி ஒரு விரற்கடை மாறினாலும் தடுக்கிவிடும். ஆகவே, எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் அமைவதே இங்கு முதன்மையானது.

[காட்சி: மட்டக்குழாயில் இருவர் மட்டம் பார்க்கிறார்கள்.]

ஒரு கணக்கைப் பார்ப்போம். சமையலறையில் டைல்ஸ் பதித்து முடிந்துவிட்டது. கூடத்தில் வெறும் கான்கிரீட்தான் இருக்கிறது. நீர் நிரப்பிய மட்டக்குழாய் வைத்து அளந்தால் வித்தியாசம் 900 மி.மீ. வருகிறது. இதை ஐந்தால் வகுத்து, படிக்கு 180 மி.மீ. என்று கட்டத் தொடங்கினால் பிழை அங்கேயே நுழைந்துவிடும். ஏனெனில், கூடத்தில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 50 மி.மீ. ஏறப்போகிறது. வேலை முடிந்தபின் இருக்கப்போகும் உண்மையான உயரம் 850 மி.மீ.; ஐந்தால் வகுத்தால் படிக்கு 170 மி.மீ.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிகாமலும், மிதிக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. படி உயரத்தின் இரு மடங்கோடு மிதி அகலத்தைக் கூட்டினால் 600 முதல் 640 மி.மீ.க்குள் வருவது நடைக்கு இதம். மிதியை 280 என்று வைத்தால் 340உம் 280உம் சேர்ந்து 620 ஆகிறது. ஐந்து ஏற்றத்துக்கு நான்கு மிதிகளே வேண்டும், ஐந்தாவது சமையலறைத் தளமே. ஆகவே படிக்கட்டு 1,120 மி.மீ. நீளத்தில் அடங்கிவிடும்.

[காட்சி: சுவரோரம் நிறுத்திய ரீப்பரில் பென்சில் கோடுகள்.]

இனிக் கவனமாகப் பாருங்கள். படிகளின் மேல் கலவையும் கிரானைட்டும் சேர்ந்து 40 மி.மீ. ஏறும் என்று கொள்வோம். அப்படியானால் பூச்சுக்கு முன் கட்ட வேண்டிய உயரங்கள், கீழிருந்து மேலாக, 180, 170, 170, 170, 210. கூடம் 50 மி.மீ. ஏறும், முதல் படியின் மேல் 40 மி.மீ.தான் ஏறும் என்பதால் முதல் உயரம் 180; சமையலறைத் தளம் இனி ஏறாது, நான்காம் படி மட்டும் 40 மி.மீ. ஏறும் என்பதால் கடைசி உயரம் 210. கடைசிப் படி மட்டும் இவ்வளவு உயரமா என்று கொத்தனார் நிச்சயம் கேட்பார். அவருக்கு வாயால் விளக்குவதைவிட, நேரான ஒரு ரீப்பரில், அதாவது மெல்லிய மரச்சட்டத்தில், இந்த ஐந்து அளவுகளையும் கோடிட்டுச் சுவரோரம் நிறுத்தி வைப்பதே நல்லது. ஒவ்வொரு படியும் அந்தக் கோட்டுக்கு வந்ததும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மலைவீட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. உயரத்தில் உள்ள சமையலறைத் தளம் மண்ணின் மீது அமர்ந்திருந்தால், படிகளுக்குப் பின்னால் உள்ள சுவர் அந்த மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவர். மழைக்காலத்தில் மண்ணில் ஊறும் ஈரம் அதன் வழியே கசிந்து படிகளின் முகப்பில் வெண்பூப்பாக, அதாவது வெள்ளை உப்புப் படலமாக, படியும். படி கட்டிய பிறகு அந்தச் சுவரை எட்ட முடியாது என்பதால், நீர்த்தடுப்புக் கலவையோடு பூசி முடித்த பின்னரே படி வேலையைத் தொடங்க வேண்டும். படிகளுக்கு அடியில் நிரப்பும் மண்ணையும் ஒரேயடியாகக் கொட்டாமல், அடுக்கடுக்காக நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

மரப்படி வைக்க விரும்புவோர், காப்பித் தோட்டங்களில் கிடைக்கிறது என்பதற்காகச் சில்வர் ஓக்கை எடுக்க வேண்டாம். கரையானுக்கும் ஈரத்துக்கும் அது தாங்காது, தேக்கு நல்லது.

கிரானைட் பதித்தால் பளபளப்பான மேற்பரப்பைத் தவிர்த்துச் சொரசொரப்பானதை வாங்குங்கள். சமையலறையிலிருந்து ஈரக்காலோடு இறங்குபவர்கள் இருப்பார்கள். கைப்பிடி 900 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். கம்பிகளுக்கு இடையே 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டால் குழந்தையின் தலை நுழையக்கூடும். படிக்கட்டு விளக்கை இரு இடத்திலிருந்தும் போட்டு அணைக்க, படிகளின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் டூ-வே சுவிட்ச் வைப்பதற்கான மின்கம்பிக் குழாயை, சுவர் பூசுவதற்கு முன்பே பதித்துவிடுங்கள்.