பட்டிமன்ற உரை: செல்ல நாய் தீனியை ஒதுக்குவதற்குக் காரணம் வீட்டார் கையே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், பினாங்கு மக்களுக்கும் வணக்கம். எட்டு நிமிஷம் கொடுத்திருக்காங்க. நேரா விஷயத்துக்கு வரேன்.

தலைப்பு என்ன? "செல்ல நாய் நல்ல தீனியைத் தின்ன மறுப்பதற்குப் பெரிதும் காரணம் அதன் நாக்கா, வீட்டார் கையா?" நான் கை அணி.

எனக்கு முன்னால பேசின அக்கா, போற போக்குல ஒரு குத்து விட்டுட்டுப் போனாங்க. "நாக்கு காரணம் இல்லைன்னு பேச வர்ற தம்பி, கடையில விக்கற அந்தக் காய்ஞ்ச உருண்டைத் தீனியில ஒரு பிடி அள்ளித் தன் வாயில போட்டுப் பார்க்கட்டும்!" நல்லா கை தட்டினீங்க. அக்கா, அதுக்கு வரேன். அதுக்கு முன்னால ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்.

ஆயர் ஈத்தாம்ல ஒரு வீடுன்னு வச்சுக்குங்க. பேர் வேண்டாம், இந்த மண்டபத்துல பாதிப் பேர் வீடு அதுதான். பாட்டி, அப்பா, அம்மா, பையன், பொண்ணு. அப்புறம் ராஜா. ராஜா ஆறு கிலோ இருக்கவேண்டிய நாய், கருத்தடை ஆனவன். அவனைக் கிளினிக்குக்குத் தூக்கிட்டு வராங்க. "டாக்டர், ராஜா ஒண்ணுமே சாப்பிடறதில்ல. வச்ச தீனி வச்சபடி கிடக்கு." டாக்டர் தராசுல ஏத்தறார். எட்டு கிலோ! ஒண்ணுமே சாப்பிடாத நாய் ரெண்டு கிலோ ஏறியிருக்கு.

டாக்டர் ஒரு பேப்பரை எடுத்தார். "வீட்டுல யார் யார் என்ன கொடுக்கறீங்க?" ஒரு சத்தம் இல்ல. அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்க்கறாங்க.

முதல்ல பாட்டி. "நான் என்னத்தக் கொடுக்கறேன்? பசியாறும்போது ரெண்டே ரெண்டு பிஸ்கட்டு. அதெல்லாம் ஒரு சாப்பாடா?" டாக்டர் எழுதிக்கிட்டார்: 50 கலோரி. அப்பா மெதுவா, "மாமாக் கடையில ரொட்டி சானாய் வாங்குவேன். முழுசாத் தின்னா எனக்குச் சுகர், அதான் பாதியை..." 150. அம்மா, "தீனியைத் தொடலையேன்னு மத்தியானம் ஒரு பிடி கோழிச் சோறு." ஒரு 170 வச்சுக்குங்க. பொண்ணு, "ஒரு சீஸ் துண்டு, பாவம்." 60. கூட்டுங்க. 430.

ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்? மருத்துவர்கள் போடற கணக்கு இருக்கு. எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல பெருக்கணும், கருத்தடை ஆன வளர்ந்த நாய்னா அதை 1.6-ஆல பெருக்கணும். ஆறு கிலோவுக்கு வர்ற விடை ஏறக்குறைய 430! நடுவர் ஐயா, ராஜா தட்டுக்கு வரும்போதே அன்னைய சாப்பாடு முடிஞ்சிருக்கு. இதுக்கு மேல பையனோட நாசி லெமாக்ல இருந்து இக்கான் பிலிஸ் நெத்திலி, பக்கத்து வீட்டு அத்தையோட முறுக்கு. ஏறின ரெண்டு கிலோ அந்தக் கூடுதல்தான். அஞ்சு கை ஊட்டி ஒரு வயிறு நிறைஞ்சா, பழி நாக்கு மேலயா?

இப்ப அக்காவோட குத்துக்கு வரேன். ஒரு பிடி தின்னு பார்க்கச் சொன்னாங்க. நாயோட சாப்பாட்டை ருசி பார்க்க மனுஷ நாக்கை அனுப்பினா தீர்ப்பு தப்பாத்தான் வரும். நமக்கு நாக்குல சுமார் 9,000 சுவை மொட்டு. நாய்க்குச் சுமார் 1,700. ஆனா வாசனை உணர்ற செல் நாய் மூக்குல 10 கோடிக்கும் மேல, நமக்கு 1 கோடிகூட இல்ல. நாய் முதல்ல மூக்கால சாப்பிடுது. நீங்க உப்பு இல்ல, காரம் இல்லன்னு பார்க்கறீங்க. அது, வாசனை வருதா இல்லையான்னு பார்க்குது.

அந்த வாசனையை யார் கெடுக்கறது? அதுவும் நம்ம கைதான்! மலிவா வருதேன்னு 15 கிலோ மூட்டை வாங்கறோம். 100 கிராமுக்கு 360 கலோரி உள்ள தீனின்னா, ராஜாவுக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் போதும். 15 கிலோ முடிய 125 நாள், நாலு மாசம். பிரிச்ச மூட்டையை ஆறு வாரத்துக்குள்ள தீர்க்கணும். நம்ம பினாங்கு வெக்கையிலயும் ஈரக் காத்துலயும் உருண்டை மேல பூசின கொழுப்பு காத்துப் பட்டுப் பட்டுக் காறிப்போகும். நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். மூணாவது மாசம் ராஜா மூஞ்சைத் திருப்பினா, "பாத்தியா, கொழுப்பு"ன்னு அவனைத் திட்டறோம். கெட்டுப்போனதை ஒதுக்கின நாய்க்கு அடம்னு பேர் வைக்கலாமா?

சின்ன நாய்க்கு 3 கிலோ பை வாங்குங்க. 25 நாள்ல முடியும். தீனியைப் பிளாஸ்டிக் டப்பாவுல கொட்டாதீங்க. டப்பாச் சுவத்துல ஒட்டின பழைய எண்ணெய் காறி, புதுசையும் கெடுக்கும். பையோட வாயை மடிச்சு, பையோடயே மூடி உள்ள டப்பாவுக்குள்ள வைங்க. கடையில கிலோ கணக்குல அள்ளிக் கட்டித் தர்ற தீனி வேண்டாம், அது எப்பப் பிரிச்ச மூட்டைன்னு கடைக்காரருக்கே நினைவிருக்காது. பைக்குப் பின்னால 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்'னு போட்டிருக்கா, குட்டிக்கா வளர்ந்ததுக்கான்னு பார்த்து வாங்குங்க. 'காம்ப்ளிமென்டரி'ன்னு இருந்தா அது தொட்டுக்கைதான், தனிச் சாப்பாடு ஆகாது.

வாசனையை எழுப்பறது சுலபம் அக்கா. அறுபது கிராம் தீனி, மூணு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணி, பத்து நிமிஷம். அவ்வளவுதான். விரலை வச்சா சுடக்கூடாது. மைக்ரோவேவ்ல வச்சா ஒரு ஓரம் கொதிக்கும், ஒரு ஓரம் சில்லுனு இருக்கும். நாய் ஒரு தடவை வாயைச் சுட்டுக்கிட்டா மறுபடி அந்தத் தட்டுப் பக்கமே வராது. ஊறவச்சதை அரை மணிக்கு மேல வெளியில விடாதீங்க, நம்ம ஊர்ல புளிச்சுடும். ருசிக்குச் சூப்புக் கட்டி கரைச்சு ஊத்தறவங்க இருக்காங்க. வேண்டாம்! அதுல உப்பும் இருக்கும், வெங்காயப் பொடியும் இருக்கும்.

வெங்காயம்னு சொன்னதும் ஞாபகம் வருது. எதிரணித் தலைவர், "அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல நாய்க்குக் குழம்புச் சோறு போட்டுத்தானே வளர்த்தோம்"னார். சோத்துக்கு நான் விரோதி இல்லீங்க. 2013-ல வந்த மரபணு ஆய்வுல, மாவுச்சத்தைச் செரிக்கற மரபணு ஓநாய்க்கு 2 நகல், நாய்க்கு 4 முதல் 30 வரைக்கும்னு கண்டாங்க. நம்மகூட வாழ்ந்து வாழ்ந்து நாய் சோறு செரிக்கப் பழகிடுச்சு, ஒத்துக்கறேன். குழம்புக்குத்தான் பயப்படறேன். நாயோட ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ள போனா ரத்தச் சிவப்பணு உடையும். ராஜாவுக்கு 90 கிராம், ஒரு நடுத்தர வெங்காயம்! கொஞ்சம் கொஞ்சமாத் தினமும் கொடுத்தாலும் சேரும், வேகவச்சாலும் போகாது, பூண்டு அதைவிடக் கடுமை. நாசி கண்டார் குழம்பை ஊத்திப் பிசையற கை, பாசத்தோட இதையும் பிசையுது. சரி, வெறும் கோழியும் சோறும்னா? சுண்ணாம்புச் சத்து பத்தாது, உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கும். வளர்ற குட்டிக்குக் கால் வளையும். அன்னைக்குத் தோட்டத்துல வளர்ந்து நின்னதைத் தலைவர் பார்த்தார். நிக்காமப் போனதை யார் எண்ணினா?

அக்கா, உங்க ஒரு பிடி என் அஞ்சு நிமிஷத்தை எடுத்துக்கிச்சு. பரவாயில்ல, ராஜா வீட்டுக்குத் திரும்புவோம்.

டாக்டர் ஏழு நாள் திட்டம் போட்டுக் கொடுத்தார். முதல் ரெண்டு நாள் புதுத் தீனி கால் பங்கு, பழைய சாப்பாடு முக்கால். அடுத்த ரெண்டு நாள் பாதிக்குப் பாதி. அடுத்த ரெண்டு நாள் தீனி முக்கால். ஏழாவது நாள் முழுசும் தீனி. வயித்துல உள்ள கிருமிக் கூட்டம் பழக அவகாசம் வேணும். மலம் இளகினா பங்கைக் கூட்டாம அதே அளவுல ரெண்டு மூணு நாள் நிக்கணும். ஒரு முக்கியமான விஷயம்: மேல தூவினா நாய் கோழியை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு உருண்டையைத் துப்பிடும். ஊறவச்சு மசிச்சுக் கலந்துடணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு வேளை. தட்டை வைங்க, 15 நிமிஷம் விட்டுடுங்க. கெஞ்சக்கூடாது, மிரட்டக்கூடாது, பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக்கூடாது. மிச்சம் இருந்தா எடுத்துடுங்க. அடுத்த வேளை வரைக்கும் தண்ணி மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் ராஜா முகர்ந்து பார்த்துட்டுப் போயிட்டான். அம்மா தட்டை எடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி முகர்ந்தான், தட்டைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான், மறுபடி பாட்டியைப் பார்த்தான். பாட்டிக்கு வயிறு எரியுது. "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடற வீடு உருப்படுமாடி?" மத்தியானம் எல்லாரும் கண் அசந்த நேரம், பாட்டி முந்தானையில கோழித் துண்டை முடிஞ்சுக்கிட்டுப் பின்வாசல் பக்கமா நடக்கறாங்க. ராஜா பூனை மாதிரி சத்தமில்லாமப் பின்னாலயே போறான்! அன்னைக்கு ராஜா என்ன படிச்சுக்கிட்டான்? ரெண்டு வேளை பொறுத்தா மூணாவது வேளை முந்தானையில இருந்து கோழி வரும். அடுத்த வாரம் ரெண்டு வேளை என்ன, கூட ஒரு வேளையும் பொறுத்துப் பார்ப்பான். பலபேர் வீட்டுல திட்டம் உடையற இடம் இதுதான். தீனி மாத்தினாங்க, பிராண்டு மாத்தினாங்க, தட்டை மாத்தினாங்க. பின்வாசலை மூடல.

ஆனா ஒண்ணு, இதைக் கேட்டுட்டு எல்லா நாயையும் காயப்போட்டுடாதீங்க. நாலு மாசத்துக்கு உட்பட்ட குட்டியும் உள்ளங்கை அளவு ஜாதி நாயும் வேளை தப்பினா ரத்தத்துல சர்க்கரை இறங்கி மயங்கிடும். வளர்ந்த நாயா இருந்தாலும் 24 மணி நேரம் ஒண்ணுமே தொடலைன்னா கிளினிக்குக்குப் போங்க. நேத்து வரைக்கும் ஆசையாத் தின்ன நாய் திடீர்னு நிறுத்தினா அதுக்குப் பேர் அடம் இல்ல. நம்ம நாட்டுல உண்ணிக் காய்ச்சல் நிறைய. பசி போறது அதோட முதல் அறிகுறிகள்ல ஒண்ணு. காது மடிப்புலயும் விரல் இடுக்குலயும் உண்ணி இருக்கான்னு தேடுங்க. உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கா, பல்லு உடைஞ்சிருக்கான்னு பாருங்க.

நடுவர் ஐயா, மணியில கை வைக்கறது தெரியுது. ஒரே நிமிஷம்.

கைதான் காரணம்னு சொன்னேன். அந்தக் கையைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்த எனக்கு மனசு வரல. அந்தப் பாட்டி யாரு? தோட்டத்து லயத்துல, விடியறதுக்கு முன்னால பால்மரம் சீவப் போன அம்மா வச்சுட்டுப் போன பழைய சோத்தை, நாலு தம்பி தங்கச்சிக்குப் பங்கு வச்சுக் கொடுத்துட்டு, கடைசியில சட்டியை வழிச்சுத் தின்னு வளர்ந்த பொண்ணு. தன் முன்னால ஒரு உசுரு பசியோட நிக்கறதை அந்தக் கையால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. மத்த பிள்ளைங்க கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயாச்சு. ஊட்டி வளர்த்த பேரனுக்கும் இப்பப் பாட்டி ஊட்டினா வெட்கமா இருக்கு. அந்தக் கை ஊட்டறதுக்கு வேற யார் இருக்கா? ராஜாதான் இருக்கான்!

டாக்டர் அதைப் புரிஞ்சுக்கிட்டார். "இனிமே ராஜாவுக்குச் சாப்பாடு போடறது பாட்டி மட்டும்தான்"னுட்டார். அளவுக் கப்புல அறுபது கிராம் கோடு கிழிச்சு அவங்க கையில கொடுத்தார். நடுவுல கொடுக்கணும்னு மனசு துடிச்சா, அன்னைய 120 கிராம்ல இருந்தே பத்து உருண்டையை எடுத்து ஒண்ணொண்ணாக் கையால கொடுங்கன்னார். பாட்டி கப்பை வாங்கிப் பார்த்தாங்க. "இம்புட்டுத்தானா?" "இம்புட்டுத்தான் பாட்டி. இம்புட்டு கொடுத்தா இன்னும் பல வருஷம் உங்ககூட இருப்பான்." அதுக்கப்புறம் அந்தப் பாட்டியை யாராவது பேசிப் பாருங்க பார்ப்போம். அப்பா ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோட உள்ள வந்தா, வாசல்லயே நிறுத்திக் கையைக் கழுவச் சொல்றாங்க!

மணி அடிச்சாச்சு. தீர்ப்பை ஐயா பார்த்துக்கட்டும். மக்களே, இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் கீழே பிரியாணி இருக்கு. வீட்டுல இருக்கறதுக்கு ஆகும்னு எலும்பைப் பையில கட்டிட்டுப் போகாதீங்க. வெந்த கோழி எலும்பு ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிக்கும். பிரியாணியில கிடக்கிற காய்ஞ்ச திராட்சையும் வேண்டாம், சில நாய்க்குக் கொஞ்சமே சிறுநீரகத்தைக் கெடுத்துடும். நல்லா சாப்பிட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போங்க.

நன்றி, வணக்கம்.