பிரேசிலியா: கட்டி முடிப்பதற்கு முன்பே காட்டப்பட்ட தலைநகரம்

வணக்கம். திரையில் நீங்கள் காணும் வெண்ணிறத் தூண்களையும் கிண்ண வடிவ நாடாளுமன்ற மண்டபத்தையும், பிரேசில் மக்களில் பெரும்பாலோர் நேரில் பார்ப்பதற்கு முன்பே படத்தில் பார்த்துவிட்டார்கள். அது தற்செயலாக நடந்ததல்ல.

தலைநகரை நாட்டின் நடுப்பகுதியிலுள்ள மேட்டுநிலத்திற்கு மாற்ற 1891-ஆம் ஆண்டு அரசியலமைப்பே வழிவகுத்திருந்தும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது ஏட்டளவிலேயே இருந்தது. 1956-இல் பதவியேற்ற அதிபர் ஜுசெலினோ குபிச்செக், தம் ஐந்தாண்டுப் பதவிக்காலத்திற்குள் அதை நிறைவேற்ற முனைந்தார். அடுத்தடுத்து இருமுறை அதிபராக அப்போதைய சட்டம் இடம் தராததால், பின்னால் வருபவர் கைவிட முடியாத நிலைக்கு நகரம் வளர்ந்தாக வேண்டியிருந்தது. அப்போதைய தலைநகரான ரியோ டி ஜெனீரோவிலோ எதிர்ப்பு வலுத்தது. நாளிதழ் நடத்தியவரும் அரசியல்வாதியுமான கார்லோஸ் லாசெர்டா இத்திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். எனவே சிமெண்டைப் போலவே விளம்பரமும் ஒரு கட்டுமானப் பொருளாயிற்று.

கட்டுமானப் பொறுப்பை ஏற்ற அரசு நிறுவனமான நோவாகாப், வேலை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைக் காட்ட 1957 முதல் தனி இதழ் ஒன்றையே வெளியிட்டது. 'மன்ஷெட்டி' வார இதழ், கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமேயரின் கட்டடங்களைப் பெரிய படங்களாக வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. எழுத்தறியாதோர் ஏராளமாக இருந்த அந்நாட்டில் வானொலியின் வீச்சு இன்னும் பெரிது. நகரம் திறக்கப்படுவதற்கு ஈராண்டு முன்னதாக, 1958-லேயே, பிரேசிலியா தேசிய வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. 1960 ஏப்ரல் 21 அன்று தலைநகரம் திறக்கப்பட்டபோது, பத்திரிகை முதலாளி அசிஸ் ஷாட்டோபிரியானின் 'கொரெயோ பிரசிலியென்சே' நாளிதழும் பிரேசிலியா தொலைக்காட்சியும் அதே நாளில் பிறந்தன. லூசியோ கோஸ்டா வரைந்த நகரத் திட்டத்திலேயே தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு இடம் இருந்தது. 1967-இல் திறக்கப்பட்ட அக்கோபுரம் நகரின் மைய அச்சில் நிற்கிறது.

அந்தப் படங்களில் அதிகம் இடம்பெறாதவர்கள், 'காண்டாங்கோ' என அழைக்கப்பட்ட கட்டடத் தொழிலாளர்கள். வறண்ட வடகிழக்கிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த அவர்களில் பலருக்குத் தாங்கள் கட்டிய நகரில் வீடு கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே, 1958-இல், தகுவாட்டிங்கா என்ற புறநகர் தோன்றியது. 1971-இல் குடிசைவாசிகளைப் பெருந்தொகையாக அப்புறப்படுத்திக் குடியேற்றிய செய்லாந்தியா என்ற புறநகரை, இன்றும் பிரேசிலியாவின் அஞ்சலட்டைகளில் காண்பது அரிது. காட்சிக்காகவே திட்டமிட்ட நகரில் இந்த விடுபடல் எனக்கு வியப்பளிக்கவில்லை.

தலைநகரின் குரலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1935-இல் அதிபர் வர்காஸ் ஆட்சியில் ரியோவிலிருந்து தொடங்கிய அரசுச் செய்தி நிகழ்ச்சி, பின்னர் 'பிரேசிலின் குரல்' எனப் பெயர் பெற்றது. வானொலி நிலையங்கள் அனைத்தும் அதை மாலை ஏழு மணிக்கு ஒலிபரப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 'பிரேசிலியாவில் மணி பத்தொன்பது' (அதாவது மாலை ஏழு) என்ற அறிவிப்பைக் கேட்டதும் வானொலியை அணைத்தவர்களும் உண்டு. அமேசான் கரையில் அதை மட்டுமே செய்தியாகக் கேட்டவர்களும் உண்டு. நேரத்தைச் சற்றுத் தள்ளிக்கொள்ளும் உரிமை 2018-இல்தான் நிலையங்களுக்குக் கிடைத்தது.

2002 முதல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வுகளை நீதித்துறைத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டுகிறது. நீதிபதிகள் தமக்குள் வாதிடுவதையே மக்கள் பார்க்கலாம், இது உலகில் அரிது. 2023 ஜனவரி 8 அன்று நாடாளுமன்றத்திலும் அதிபர் மாளிகையிலும் உச்ச நீதிமன்றத்திலும் புகுந்து சூறையாடியவர்கள், அதாவது முன்னாள் அதிபர் போல்சனாரோவின் ஆதரவாளர்கள், தங்கள் செயலைத் தாங்களே கைபேசியில் படம்பிடித்துப் பரப்பினார்கள். அந்தக் காணொளிகள் அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த முதல் விசாரணைகள் அதே தொலைக்காட்சியில் நேரலையாயின.