பிசிஜி தழும்பு இருக்கா? அப்போ டிபி ஸ்கின் டெஸ்ட் வேணாம்!

வணக்கம் மக்களே! ஃபால் செமஸ்டர் நெருங்குது. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்ல ரேடியோகிராபி, ரெஸ்பிரேட்டரி தெரபி, எம்எல்டி (மெடிக்கல் லேப் டெக்னீஷியன்)னு சீட் வாங்கினவங்க, கிளினிக்கலுக்கு (ஆஸ்பத்திரி பயிற்சிக்கு) முன்னாடி காலேஜ் கேக்கற டெஸ்ட், ஊசி பத்தி இப்போ கேக்கறது ஒன்னுதான்: "டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துடுச்சு, சீட் போயிடுமா?" போகாது. ஆனா அந்த ஸ்கின் டெஸ்ட் மேல எனக்கு எவ்ளோ கடுப்புனு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும்.

இடது தோள்ல வட்டமா தழும்பு இருக்கா? நம்ம ஊர்ல பிறந்ததும் டிபிக்கு எதிரா போடற பிசிஜி ஊசியோட தழும்பு அது. அமெரிக்காவுல வழக்கமா போடறதில்ல. ஸ்கின் டெஸ்ட்ல முன்கைத் தோலுக்குள்ள 0.1 மில்லி மருந்து ஏத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ள தடிப்ப அளப்பாங்க. சிவப்பு கணக்கில்ல, விரலுக்குத் தட்டுப்படற தடிப்புதான் கணக்கு. பிசிஜி போட்ட கை, டிபி இல்லாமலே தடிக்கலாம். அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் லெட்டர்னு அலைச்சல்.

அதனால ரத்த டெஸ்ட், குவான்டிஃபெரான் கேளுங்க. பிசிஜி அத குழப்பாது. விலை அதிகம்தான். ஆனா ஸ்கின் டெஸ்ட்ட பல காலேஜ் ரெண்டு தடவ கேக்கும்: ஊசி, ரீடிங், 1 முதல் 3 வாரம் கழிச்சு மறுபடி ஊசி, ரீடிங். நாலு நடை! அந்த நாலு நடையயும் எக்ஸ்ரே பில்லயும் சேத்துப் பாருங்க, எது மலிவுனு புரியும். காலேஜ் பாரத்துல ரத்த டெஸ்ட் ஏத்துக்கறாங்களானு மட்டும் முதல்ல பாத்துடுங்க. அதுவும் பாசிட்டிவ்னா தட்டிக்கழிக்காம டாக்டர பாருங்க.

ஆங், ஒன்னு விட்டுப்போச்சு. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா), சின்னம்மை ஊசி பாக்கி இருந்தா, டிபி டெஸ்ட்ட அதே நாள்ல எடுங்க, இல்ல 4 வாரம் கழிச்சு எடுங்க. நடுவுல எடுத்தா, கிருமி இருந்தும் நெகட்டிவ்னு காட்டலாம்.

அடுத்து காலேஜ் கேக்கற ஹெபடைட்டிஸ் பி ஊசி. வழக்கமா 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ். அட்மிஷன் லெட்டர் வரட்டும்னு உக்காந்தா கிளினிக்கல் ஆரம்பிச்சிடும். எனக்குப் புடிச்சது ஹெப்லிசாவ்-பிங்கற ஹெபடைட்டிஸ் பி ஊசி: ஒரு மாச இடைவெளில ரெண்டே டோஸ்! கடைசி டோஸுக்கு 1, 2 மாசம் கழிச்சு டைட்டர், அதாவது எதிர்ப்பு சக்தி வந்திருக்கானு பாக்கற ரத்த டெஸ்ட். 10 mIU/mL வந்தா போதும்.

கடைசியா பிஎல்எஸ் (உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி) கார்டு. இதுக்கு ஆன்லைன் பாகம் மட்டும் பத்தாது. பொம்மை நெஞ்ச நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவ அமுக்கிக் காட்டணும். கார்டு 2 வருஷம்தான் செல்லும். ரொம்ப முன்னாடியே எடுத்தா படிப்பு முடியறதுக்குள்ள காலாவதி ஆயிடும். கிளினிக்கல் தேதி பாத்து எடுங்க.